டெக்சஸ் டெக் ஆய்வக வெடிப்பு அறிக்கை (2011): ஒரு மதிப்பீடு

டெக்சஸ் டெக் பல்கலைக்கழகம், அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் லபக் நகரில் உள்ள அரசுப் பல்கலைக்கழகம். 2010 ஜனவரி 7 அன்று அதன் வேதியியல் துறை ஆய்வகம் ஒன்றில் வெடிப்பு நிகழ்ந்தது. ஐந்தாம் ஆண்டு ஆய்வு மாணவர் ஒருவர் மூன்று விரல்களை இழந்தார். அவருடைய கண்ணில் காயம் ஏற்பட்டது. கைகளிலும் முகத்திலும் தீக்காயங்கள். இவ்விபத்தை விசாரித்த அமெரிக்க வேதியியல் பாதுகாப்பு மற்றும் இடர் விசாரணை வாரியம் 2011 அக்டோபரில் தன் அறிக்கையை வெளியிட்டது. அதே பொருளில் ஒரு காணொளிப் படத்தையும் அவ்வாண்டில் வெளியிட்டது. இரண்டையும் இணையத்தில் கட்டணமின்றிப் பெறலாம்.

வேதியியல் படிக்கும் மாணவர்கள் இவ்வறிக்கையைப் படிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் முதல் கருத்து. படிக்கும்போது அதில் விடுபட்டுப்போன ஒன்றையும் கவனிக்க வேண்டும் என்பது இரண்டாவது கருத்து.

நடந்தது என்ன

அவ்விபத்தோடு தொடர்புடைய ஆய்வுக்குழுக்கள் உயர் ஆற்றல் சேர்மங்களின் பண்புகளை ஆராய்ந்துவந்தன. வெடிபொருள்களைக் கண்டறிவது தொடர்பான அத்திட்டத்துக்கான நிதி, அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையிடமிருந்து நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் வழியாக வந்தது. விபத்து நாளில் மாணவர் கையாண்டது நிக்கல் ஹைட்ரசீன் பெர்குளோரேட் வகையைச் சேர்ந்த ஒரு சேர்மம்.

நெறியாளர்கள் ஒரு வரம்பு வைத்திருந்தனர். ஒரு முறைக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் தயாரிக்கக் கூடாது என்பதே அது. அவ்வரம்பு வாய்மொழியாகச் சொல்லப்பட்டதே தவிர, எழுதிவைக்கப்படவில்லை. அது பின்பற்றப்படுகிறதா என்று பார்ப்பதற்கும் ஒழுங்கான முறை இல்லை. இரண்டு மாணவர்கள் சேர்ந்து ஏறத்தாழ 10 கிராம் தயாரித்தனர். வரம்பைப் போல் இது நூறு மடங்கு.

ஏன் அப்படிச் செய்தார்கள்? சிறுசிறு அளவாகப் பலமுறை தயாரித்தால், ஒரு முறை கிடைக்கும் பொருளின் பண்புகளும் அடுத்த முறை கிடைக்கும் பொருளின் பண்புகளும் சற்றே வேறுபடலாம். எல்லாச் சோதனைகளுக்கும் போதுமான பொருளை ஒரே முறையில் தயாரித்துவிட்டால் அந்தக் குழப்பம் இராது. அவர்களை அதற்குத் தூண்டியது முடிவுகள் சீராக வரவேண்டும் என்ற அக்கறை. நல்ல ஆய்வு மாணவருக்கு இருக்க வேண்டிய அக்கறைதான் அது.

தயாரித்த பொருள் கட்டிகட்டியாக இருந்தது. சிறிதளவு சேர்மம் நீரிலோ ஹெக்சேனிலோ நனைந்திருந்தால், தட்டினாலும் வெடிப்பதில்லை என்பதை அவர்கள் முன்பே கண்டிருந்தனர். சிறிய அளவுக்குப் பொருந்தியது பெரிய அளவுக்கும் பொருந்தும் என்று மாணவர் எடுத்துக்கொண்டார். தயாரித்ததில் ஏறக்குறையப் பாதியைக் கல்வத்தில் இட்டு, ஹெக்சேன் சேர்த்து, குழவியால் மெல்லக் கட்டிகளை உடைத்தார். வேலை முடிந்தது என்று பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அங்கிருந்து நகர்ந்தார். பிறகு இன்னொரு முறை கிளறிவிடலாம் என்று திரும்பி வந்தார். அப்போது வெடித்தது.

அறிக்கையின் வலிமை

இத்தோடு விசாரணையை முடித்துவிட்டால் வேலை எளிது. மாணவர் வரம்பை மீறினார், கண்ணாடியைக் கழற்றினார், ஆகவே தவறு அவருடையது என்று எழுதிக் கையெழுத்திட்டுவிடலாம். உலகெங்கும் எத்தனையோ விபத்துக் குறிப்புகள் அப்படித்தான் முடிகின்றன. இவ்வறிக்கை அவ்வாறு முடிவதில்லை என்பதே அதன் முதற்சிறப்பு. மாணவரிடமிருந்து நெறியாளருக்கும், அங்கிருந்து துறைக்கும், பல்கலைக்கழகத்துக்கும், நிதி வழங்கிய அமைப்புக்கும், ஒழுங்குமுறை அமைப்புக்கும் அது படிப்படியாக மேலே செல்கிறது. ஒவ்வொரு படியிலும் இந்த விபத்தை இங்கே தடுத்திருக்க முடியுமா என்று பார்க்கிறது.

இதற்கு ஜேம்ஸ் ரீசன் என்ற உளவியலாளரின் மாதிரியை அறிக்கை பயன்படுத்துகிறது. துளைகள் உள்ள பாலாடைக்கட்டித் துண்டுகளை வரிசையாக நிறுத்திக் காட்டும் படம் அது. நம் வீட்டுச் சல்லடைகளை வைத்தும் இதைப் புரிந்துகொள்ளலாம். பல சல்லடைகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால், ஒன்றின் துளை வழியே நுழைந்தது அடுத்ததில் தடைபடும். எல்லாத் துளைகளும் ஒரே நேர்க்கோட்டில் அமையும் நாளில்தான் விபத்து கடைசிவரை ஊடுருவி வருகிறது. கடைசிச் சல்லடையின் அருகே நின்றவர் அந்த மாணவர். அவருக்கு முன்னே இருந்த சல்லடைகளை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

அறிக்கை காட்டும் துளைகளுள் சிலவற்றை மாணவர்கள் தனியே குறித்துக்கொள்ளலாம்:

1. இச்சேர்மத்தைக் கையாள்வதில் உள்ள இடர்கள் முறையாக மதிப்பிடப்படவில்லை.
2. பல்கலைக்கழகத்தில் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு, யார் யாருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பது தெளிவாக இல்லை.
3. அதே குழுக்களில் 2007 முதல் சிறு நிகழ்வுகள் முன்பே நடந்திருந்தன. அவை பதிவாகவில்லை, அவற்றின் பாடம் மற்ற மாணவர்களைச் சென்றடையவில்லை.
4. நிதி வழங்கிய அமைப்பு, இப்பணிக்கெனப் பாதுகாப்பு நிபந்தனை எதையும் முன்கூட்டி விதிக்கவில்லை.

வெளியிலிருந்து வரும் பாதுகாப்பு ஆய்வைக் கல்விச் சுதந்திரத்தில் தலையிடுவதாகப் பேராசிரியர்கள் கருதுவதுண்டு என்பதையும் அறிக்கை மறைக்காமல் சொல்கிறது. துணிச்சலான கருத்து இது. எதை ஆராய்வது என்பதில் பேராசிரியருக்குச் சுதந்திரம் வேண்டும். அச்சுதந்திரம், கண்ணாடி அணியாத மாணவர் வெடிக்கும் பொருளைக் கிளறுவதைப் பார்க்காமல் இருப்பதற்கான உரிமை ஆகாது.

சட்டம் எட்டாத இடம்

அமெரிக்காவில் ஆய்வகங்களுக்கெனத் தனி விதி உண்டு. தொழில்சார் பாதுகாப்பு மற்றும் உடல்நல நிர்வாகம் அதை 1990இல் கொண்டுவந்தது. அவ்விதியின் முதன்மை நோக்கம், வேதிப்பொருள்கள் உடலுக்குள் சென்று விளைவிக்கும் கேட்டைத் தடுப்பது. வெடித்தல், தீப்பற்றல் போன்ற இயற்பியல் இடர்களை அது போதிய அளவு பேசவில்லை என்று வாரியம் சுட்டிக்காட்டியது. அவ்விதி பணியாளர்களுக்கே உரியது. மாணவராக மட்டும் ஆய்வகத்தில் இருப்பவர் அதன் எல்லைக்கு வெளியே நிற்கிறார். அதோடு, டெக்சஸ் மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகங்கள் கூட்டாட்சி அரசின் அந்த நிர்வாகத்தின் கீழ் வருவதில்லை.

ஆலையில் வேலை செய்யும் ஒரு தொழிலாளிக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு, அதைவிட ஆபத்தான பொருளைக் கையாளும் ஆய்வு மாணவருக்கு இல்லாமல் போகலாம் என்பதே இதன் பொருள். இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது அறிக்கையின் இரண்டாவது சிறப்பு. வாரியத்துக்கு அபராதம் விதிக்கும் அதிகாரம் இல்லை. அது பரிந்துரைக்க மட்டுமே முடியும். தொழில்சார் பாதுகாப்பு நிர்வாகம், அமெரிக்க வேதியியல் கழகம், டெக்சஸ் டெக் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றுக்கும் அது பரிந்துரைகளை வழங்கியது. 2001 முதல் நிகழ்ந்த 120 பல்கலைக்கழக ஆய்வக விபத்துகளைப் பற்றிய தகவல்களையும் அது திரட்டியது. லபக் நகரின் விபத்து தனித்த ஒன்றல்ல என்று காட்டுவதற்கு இத்தொகுப்பு உதவியது.

படத்தில் வரும் மூன்று விபத்துகள்

வாரியத்தின் காணொளிப் படம் டெக்சஸ் டெக் விபத்தோடு வேறு இரண்டையும் சேர்த்துச் சொல்கிறது.

கேரன் வெட்டர்ஹான் டார்ட்மவுத் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர்; நச்சு உலோகங்களில் வல்லுநர். 1996 ஆகஸ்டில் டைமெத்தில் பாதரசத்தின் சில துளிகள் அவருடைய கையுறைமேல் விழுந்தன. லேட்டக்ஸ் கையுறை அணிந்து, புகைபோக்கிப் பெட்டிக்குள் வைத்தே வேலை செய்தார். அச்சேர்மம் லேட்டக்சை நொடிக்கணக்கில் ஊடுருவிவிடும் என்பது பிறகு செய்த சோதனையில்தான் தெரிந்தது. மாதங்கள் கழித்து நோயின் அறிகுறிகள் தோன்றின. 1997 ஜூன் 8 அன்று, 48ஆம் வயதில் அவர் இறந்தார்.

ஷெரி சாங்ஜி லாஸ் ஏஞ்சலஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு உதவியாளர், வயது 23. 2008 டிசம்பர் 29 அன்று, காற்றுப்பட்டாலே தீப்பற்றும் டெர்ட்-பியூட்டைல் லித்தியத்தைச் சிரிஞ்சில் எடுத்தார். சிரிஞ்சின் உந்துதண்டு கழன்று வந்துவிட்டது. அவர் ஆய்வக மேலங்கி அணிந்திருக்கவில்லை. உடுத்தியிருந்தது செயற்கை இழையாலான மேலாடை. தீக்காயங்களோடு 18 நாள் போராடி 2009 ஜனவரி 16 அன்று இறந்தார். அந்த ஆய்வகத்தில் மேலங்கி அணிவதில்லை என்பதை அதற்கு முந்தைய அக்டோபரிலேயே பல்கலைக்கழகத்தின் சொந்த ஆய்வு குறித்திருந்தது. குறை திருத்தப்படவில்லை. கலிபோர்னிய மாநில நிர்வாகம் பல்கலைக்கழகத்துக்கு 31,875 டாலர் அபராதம் விதித்தது. பின்னர் குற்றவியல் வழக்கும் தொடரப்பட்டது.

மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டுவது படத்தின் பலம். அதுவே அதன் பலவீனமும் ஆகும். பார்ப்பவர் மனத்தில் அச்சம் பதிகிறது. ஆய்வகத்தில் கவனமாக இருக்க வேண்டும் என்ற பொதுவான அறிவுரையும் பதிகிறது. ஆனால் இம்மூன்றும் ஒரே வகைத் தவறுகள் அல்ல. டார்ட்மவுத்தில் அன்று ஏற்கப்பட்ட நடைமுறை பின்பற்றப்பட்டது, இல்லாதது அறிவு. லாஸ் ஏஞ்சலசில் அறிவு இருந்தது, குறையைக் கண்டவர்களும் இருந்தனர். கண்டதைச் செயலாக மாற்றும் ஏற்பாடு இல்லை. லபக்கில் விதியே இருந்தது, ஆனால் அது பேச்சாக மட்டும் இருந்தது. முதல் வகைக்கு மருந்து சோதனையும் ஆராய்ச்சியும். இரண்டாவதற்கு மருந்து அதிகாரம். மூன்றாவதற்கு மருந்து எழுத்தும் சரிபார்ப்பும். மாணவர்கள் படத்தைப் பார்த்தபின் இவ்வேறுபாட்டைத் தாங்களே பிரித்து எழுதிப்பார்ப்பது நல்லது.

விடுபட்டது எது

டெக்சஸ் டெக் பல்கலைக்கழகத்துக்கு வாரியம் தந்த பரிந்துரைகளுள் முக்கியமானது ஒன்று உண்டு. விபத்துகளையும் நூலிழையில் தப்பிய நிகழ்வுகளையும் பதிவுசெய்யும் முறை வேண்டும். அதை ஆய்வாளர்களுக்குக் கற்பிக்கப் பயன்படுத்த வேண்டும். திருத்த நடவடிக்கைகள் உரிய காலத்தில் நிறைவேறுவதற்கு ஒரே இடத்தில் பொறுப்பு இருக்க வேண்டும் என்கிறது அது. மிகச் சரியான பரிந்துரை. ஆனால் பதிவுசெய்யப்போவது யார்? அப்படிப் பதிவுசெய்தால் அவருக்கு என்ன ஆகும்? பரிந்துரையின் வாசகம் இதைத் தொடவில்லை.

ஆய்வு மாணவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். பட்டம் கிடைப்பதும், உதவித்தொகை தொடர்வதும், அடுத்த வேலைக்கான பரிந்துரைக் கடிதமும் ஒரே நெறியாளரின் கையில் இருக்கின்றன. வரம்பை மீறிப் பத்து கிராம் தயாரித்தேன், நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை என்று ஒரு மாணவர் எழுதினால், அது அவருக்கு எதிராக அவரே எழுதும் சாட்சி. அளவைக் கண்காணிக்கவில்லை என்று நெறியாளருக்கு எதிராகவும் அது சாட்சியாகும். ஐந்து ஆண்டு உழைப்பைப் பணயம் வைத்து அந்த ஒரு வரியை எழுத எத்தனை பேர் துணிவார்கள்? பதிவுமுறை இல்லாததைக் குறையாகக் கண்ட அறிக்கை, பதிவுமுறை இருந்தாலும் அது வெறுமையாகவே இருக்கக்கூடும் என்பதை ஆராயவில்லை.

இது பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. நான் பணியாற்றிய ஒரு மேல்நிலைப் பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் இரண்டு பதிவேடுகள் இருந்தன. ஒன்று இருப்புப் பதிவேடு. மற்றொன்று உடைந்த கண்ணாடிப் பொருள்களுக்கான பதிவேடு. எதை உடைத்தாலும் அதன் விலையை மாணவர் கட்ட வேண்டும். அக்காலத்தில் பிப்பெட்டில் கரைசலை வாயால் உறிஞ்சி எடுக்கவே கற்றுக்கொடுத்தோம். நானும் அப்படித்தான் கற்றேன், அப்படித்தான் கற்பித்தேன். ஒரு நாள் பருமனறி பகுப்பாய்வின்போது பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனின் வாய்க்குள் நீர்த்த அமிலம் போய்விட்டது. பதறியதில் பிப்பெட் கீழே விழுந்து உடைந்தது. குழாயடிக்கு அழைத்துச் சென்று பலமுறை வாய் கொப்பளிக்கச் செய்தேன். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாலையில் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே "பிப்பெட் 20 மி.லி. – ஒன்று" என்று எழுதினேன். வாய்க்குள் அமிலம் போனதை எங்கும் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று தோன்றவும் இல்லை. எழுதியிருந்தால் தலைமையாசிரியர் கேட்பார், பெற்றோர் வருவார்கள் என்ற எண்ணம் உள்ளுக்குள் இருந்திருக்கலாம். அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அடுத்தடுத்த வகுப்புகளுக்கு வாயால் உறிஞ்சவே கற்றுக்கொடுத்தேன். ரப்பர் குமிழ் வாங்குவதற்கு ஆகும் செலவு, உடைந்த பிப்பெட்டின் விலையைவிடப் பெரிதொன்றும் இல்லை.

அப்பதிவேட்டை இப்போது நினைக்கும்போது டெக்சஸ் டெக் அறிக்கையின் மூன்றாவது குறிப்பு எனக்கு முழுமையாக விளங்குகிறது. நடந்ததை எழுதாமல் விட்டவர்கள் கெட்டவர்கள் அல்லர். எழுதினால் நன்மை என்று யாரும் அவர்களுக்குக் காட்டவில்லை. எழுதினால் தொல்லை என்பது மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

பின்னர் வந்தவை

இக்குறையை மற்றவர்களும் உணர்ந்தனர் என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்கத் தேசிய ஆய்வுக் கழகம் கல்வி நிறுவனங்களின் வேதியியல் ஆய்வகப் பாதுகாப்பைப் பற்றி 2014இல் ஒரு நூலை வெளியிட்டது. தண்டனைக்கு இடமில்லாத வகையில் விபத்துகளையும் நூலிழையில் தப்பிய நிகழ்வுகளையும் பதிவுசெய்யும் பழக்கம் வேண்டும் என்று அது வெளிப்படையாகவே பரிந்துரைத்தது. பெயர் குறிப்பிடாமல் தெரிவிக்கும் முறையையும் அது வலியுறுத்தியது. 2011 அறிக்கையில் விடுபட்ட சொல் இங்கே வந்து சேர்ந்தது. அமெரிக்க வேதியியல் கழகமும் வாரியத்தின் பரிந்துரையை ஏற்று, ஆய்வகங்களில் இடர்களை அடையாளம் கண்டு மதிப்பிடுவதற்கான வழிகாட்டி நூலை உருவாக்கியது. இடரை அறிதல், அதன் அளவை மதிப்பிடுதல், அதைக் குறைத்தல், அவசர நிலைக்கு ஆயத்தமாதல் என்ற நான்கு படிகள் இன்று அமெரிக்க வேதியியல் வகுப்புகளில் கற்பிக்கப்படுகின்றன.

ஆயினும் நூல்கள் வந்துவிட்டதாலேயே பழக்கம் மாறிவிடுவதில்லை. 2016 மார்ச் 16 அன்று ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் ஆய்வகத்தில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த வாயுக்கலன் வெடித்து, ஆய்வாளர் ஒருவர் ஒரு கையை இழந்தார். அதற்கு முன்பே சிறிய கலன் ஒன்றில் ஒரு சிறு வெடிப்பு நிகழ்ந்திருந்ததும், அதற்குப் பிறகும் வேலை தொடர்ந்ததும் விசாரணையில் வெளிவந்தன. ஆறு ஆண்டுகளுக்குப் பின், வேறொரு மாநிலத்தில், அதே சல்லடையில் அதே துளை.

மதிப்பீடு

டெக்சஸ் டெக் அறிக்கை நேர்மையானது. காயம்பட்ட மாணவரின் தலையில் பழியைச் சுமத்தாமல், நிறுவனங்களைக் கேள்வி கேட்டது. எளிய நடையில் எழுதப்பட்டிருப்பதால் இளங்கலை மாணவரும் அகராதியின் துணையோடு படித்துவிட முடியும். சட்டத்தின் குறையையும் நிதி வழங்குவோரின் பொறுப்பையும் ஒரே இடத்தில் வைத்துப் பேசியது பெரிய காரியம்.

அதன் குறை, ஆய்வகத்தில் உள்ள மனித உறவைக் கணக்கில் எடுக்காதது. நிறுவன அமைப்பின் படம் அதில் இருக்கிறது. நெறியாளர் முன் நிற்கும் மாணவரின் தயக்கம் அதில் இல்லை. பாதுகாப்பு ஏற்பாடு எதுவும் கடைசியில் அந்தத் தயக்கத்தின் மேல்தான் நிற்கிறது. தவறிச் செய்ததைச் சொன்ன மாணவரை நெறியாளர் முதலில் எப்படிப் பார்க்கிறார் என்பதைப் பொறுத்தே அடுத்த மாணவர் சொல்வாரா மறைப்பாரா என்பது முடிவாகும்.

ஆய்வகத்துக்குள் நுழையும் மாணவர்கள் மூன்று கேள்விகளை முதல் வாரத்திலேயே கேட்டுவிடலாம். நான் கையாளும் பொருளுக்கு அளவு வரம்பு உண்டா, அது எங்கே எழுதப்பட்டிருக்கிறது? அளவைக் கூட்ட வேண்டுமானால் யாரிடம் அனுமதி பெற வேண்டும்? தவறு நேர்ந்து தப்பித்துக்கொண்டால் அதை எங்கே எழுத வேண்டும்? மூன்றாவது கேள்விக்கு விடை கிடைக்காத ஆய்வகத்தில், ஒரு சாதாரண நோட்டை வாங்கித் தேதியிட்டு மாணவர்களே தொடங்கலாம். அதன் முதல் பக்கத்தில் ஆசிரியர் தம்முடைய தவறு ஒன்றை எழுதினால், இரண்டாம் பக்கத்தை எழுத மாணவருக்குத் தயக்கம் குறையும்.